மாயாவியும் நம்ம ஜில்லாதான்

மண்டபம்

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்தது. பேத்தி பிறந்த சேதி கேட்டு வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-இல் கட்டிப்போட்ட விசைப்படகை ஜூன் 14 வரைக்கும் அவிழ்க்க முடியாது. மகன் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மீன் வாங்கப் போனால் நாட்டுப்படகுக்காரர் சொல்வதுதான் விலை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உன்னிடம் இருக்கும் பழைய முத்து காமிக்ஸை ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார், கொடுக்கலாமா என்று எழுதியிருந்தாய். கொடுக்காதே. அது நம்ம ஜில்லா சரக்கு. 1972-இல் இரும்புக்கை மாயாவி முதல் இதழாக வந்தபோது சிவகாசி நம்ம ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. 1985-இல்தான் பிரித்தார்கள். தீப்பெட்டி லேபிளும் காலண்டரும் அடித்துக்கொண்டிருந்த ஊரில் சௌந்திரபாண்டியன் பதிப்பித்தார், முல்லை தங்கராசன் ஆசிரியர். கதையோ லண்டனில் 'வேலியண்ட்' வார இதழில் தொடராக வந்தது. படம் போட்ட ஹேசுஸ் பிளாஸ்கோ ஸ்பெயின்காரர். மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும் என்று படித்துவிட்டு, நீ பிளக்கில் விரலை விடப்போய் மாமாவிடம் வாங்கிய அடி ஞாபகம் இருக்கிறதா?

எனக்கு இப்போது பிடிபடுகிற விஷயம் வேறு. 1984 ஜூலையில் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸும், தினத்தந்தி குடும்பத்திலிருந்து ராணி காமிக்ஸும் ஒரே மாதத்தில் கிளம்பின. லயனுக்கு மாடஸ்டி என்கிற சாகசக்காரி, ராணிக்கு ஜேம்ஸ் பாண்ட். இரண்டுமே லண்டன் தினசரிகளில் நாளுக்கு ஒரு வரியாக, இரண்டு மூன்று கட்டமாக வந்த படக்கதைகள். மாடஸ்டி 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்', பாண்ட் 'டெய்லி எக்ஸ்பிரஸ்'. தினசரிக்கு வரைகிறவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு. முதல் கட்டத்தில் நேற்றைய கதையைக் கோடி காட்ட வேண்டும், கடைசிக் கட்டத்தில் நாளைக்கும் பேப்பர் வாங்க வைக்க வேண்டும். அப்படி வரைந்த நூறு நாள் சங்கதியைச் சேர்த்துப் புத்தகமாக அடித்தால் மூச்சு விட இடமிருக்காது. திரும்பின பக்கமெல்லாம் யாராவது துப்பாக்கியோடு நிற்பார்கள். கதாசிரியரின் சாமர்த்தியம் என்று நாம் கொண்டாடிய அந்த வேகத்தில் பாதி, பேப்பர் விற்கப் போட்ட தூண்டில்.

அதனால்தான் கன்னித்தீவைக் கிண்டல் செய்கிறவர்களோடு நான் சேருவதில்லை. அந்தச் சிந்துபாத் படக்கதை 1960-இலிருந்து தந்தியில் ஓடுகிறது, முடிகிறபாடில்லை என்கிறார்கள். ஏன் முடிய வேண்டும்? அது புத்தகத்துக்காகப் பிறந்ததே இல்லை. டீ ஆறுவதற்குள் பார்த்துவிட்டு பேப்பரை அடுத்தவரிடம் தள்ளுவதற்கு அது போதும். இந்தக் கரையில் சிந்துபாத் அளவுக்குக் கடலில் கிடந்தவன் எவனும் இல்லை. அவனுக்குத் தடைக்காலமும் கிடையாது.

ராணி காமிக்ஸ் 2005-இல் நின்றுபோனது. லயனும் முத்துவும் இன்னும் வருகின்றன. இப்போது கலர், வழுவழுத் தாள். சந்தா கட்டினால் வீட்டுக்கே வரும், இல்லையென்றால் புத்தகத் திருவிழாவில் பிடிக்கலாம். அச்சுத் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாங்குகிறவர்கள் எல்லாம் நம் தலை போல நரைத்த தலைகள். பெட்டிக்கடையில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டால்தானே ஒரு பையன் கண்ணில் படும்!

அப்புறம், காமிக்ஸ் கட்டைப் பத்திரமாக வைத்திரு. முதலில் கெடுவது தாள் இல்லை, நடுவில் அடித்த கம்பிப் பின். துரு பிடித்து நடுப்பக்கத்தைத் தின்றுவிடும். பின்னை மெல்லக் கழற்றிவிட்டு, அதே ஓட்டையில் பருத்தி நூல் கோத்துத் தைத்துவிடு. செல்லோ டேப் பக்கமே போகாதே, நாளானால் பசை மஞ்சளாகிக் கறை பிடிக்கும். தாள் பழுப்பதை நிறுத்த முடியாது, அது மரக்கூழின் குணம். வெயில் படாமல் வைத்தால் கொஞ்சம் தள்ளிப்போகும்.

இந்த உப்புக்காற்றில் என் கட்டு இன்னும் எத்தனை நாள் தாங்குமோ. அடுத்த வாரம் தங்கச்சி மகன் திருப்பூர் வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். உன்னுடையதோடு சேர்த்து வை. இரட்டை இருந்தால் ஒன்றை வேண்டுமானால் அந்த ஆளுக்கு விற்றுக்கொள், காசில் பாதி எனக்கு.

உன்
பழைய பெஞ்சுக் கூட்டாளி