இணைத்தால் மட்டும் இறுகுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒரு கட்சித் தலைவர் தம் செல்வாக்கை 'கன்சாலிடேட்' செய்வதாக வந்த ஆங்கிலச் செய்தியைத் தங்கள் நாளிதழ் 'ஆதரவை இணைக்கிறார்' என்று தமிழாக்கியிருந்தது. எதனோடு இணைக்கிறார் என்று விளங்காமல் இருமுறை படித்தேன்.

'கன்சாலிடேட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன் மொழியின் 'சோலிதுஸ்'. கெட்டியானது, பொள்ளல் இல்லாதது என்பது அதன் பொருள். முன்னொட்டாக வரும் 'கோன்', 'சேர்ந்து' என்றும் 'முற்றாக' என்றும் பொருள்படும். ஒட்டைப் பிடித்துக்கொண்டு வேரை விட்டுவிட்டதுதான் இங்கே நேர்ந்த பிழை. கான்ஸ்டன்டைன் பேரரசர் 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு ரோமானிய ராத்தல் பொன்னுக்கு 72 வீதம் அடித்த காசுக்கும் 'சோலிதுஸ்' என்றே பெயர். அக்காசின் பெயர் பழைய பிரெஞ்சில் கூலியைக் குறிக்கலாயிற்று; கூலிக்குப் போரிடுபவன் என்னும் பொருளில் 'சோல்ஜர்' என்ற சொல் பிறந்த கதையும் அதுவே.

இணைவதற்கும் இறுகுவதற்கும் உள்ள வேறுபாடு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் புதிதன்று. வாளிகளில் சுமந்து வந்த ரப்பர் பாலை, அதைப் பதப்படுத்தும் ஸ்டோரில் ஒரே தொட்டியில் ஊற்றியவுடன் நூற்றுக்கணக்கான மரங்களின் பால் இணைந்துவிடும். ஆனாலும் அது கையில் நிற்காது, வழிந்தோடும். பாலை உறையவைக்க, தண்ணீர் கலந்த பார்மிக் ஆசிட்டை ஊற்றிக் கிளறி, நுரையை வழித்தெடுத்துவிட்டு, மறுநாள் காலையில் விரலால் அழுத்தினால் அழுத்தம் விட்டதும் மேலெழும்பும் வெள்ளைக் கட்டியாகியிருக்கும். தொட்டியில் ஊற்றியது இணைப்பு. மறுநாள் கண்டதுதான் இலத்தீன் சொல் சொல்ல வருவது.

தங்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. சிதறிய நிலங்களை ஒன்றுசேர்க்க மலேசியாவில் 1966இல் அமைக்கப்பட்ட பெல்க்ரா வாரியத்தின் ஆங்கிலப் பெயரில் இருந்த இதே சொல்லுக்கு, மலாயில் 'பெஞாத்துவான்', அதாவது ஒன்றுசேர்த்தல், என்றே வைத்தார்கள். சிதறிய நிலங்களுக்கு அது பொருந்தியது, செல்வாக்குக்குப் பொருந்தாது. "எண்ணியார் திண்ணியர் ஆகப் பெறின்" என்ற குறளின் மொழியில் திண்மைக்குச் சொற்பஞ்சம் இல்லை. உறுதிப்படுத்துதல், கெட்டிப்படுத்துதல், வலுப்படுத்துதல் ஆகியவற்றுள் இடத்துக்கேற்ற ஒன்றைத் தங்கள் செய்தியாளர்கள் எடுத்தாளலாம்.

பல கடன்களை ஒன்றாக்கித் தரும் வங்கித் திட்டங்களுக்கு மட்டும் 'இணைப்பு' என்றே எழுதுங்கள். தம் கடன் கெட்டிப்படுவதை எவரும் விரும்பமாட்டார்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்.