நாங்கள் நடுக்கடலில் இருந்தபோது ஏற்றிய கட்டணத்தைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்: மலேசியக் கொடியுள்ள பாய்மரப் படகின் உரிமையாளர், பினாங்கு
பெறுநர்: மேலாளர், மரீனா (பாய்மரப் படகுகளைக் கட்டும் துறை) நிர்வாகம், மொரிஷியஸ்
பொருள்: வெளிநாட்டுப் படகுகளுக்கான புதிய கட்டணமும் விதிகளும்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் அலுவலகத்தில் பில் போடும் தம்பி பள்ளியில் தமிழ் படித்தவராம். நீங்களும் தமிழ் வாசிப்பீர்கள் என்று அவர் சொன்னதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

மே மாதம் மின்னஞ்சலில் படகைக் கட்ட இடம் கேட்டோம். 12 மீட்டருக்கு உட்பட்ட படகுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று சொல்லி, முன்பணமும் வாங்கிக்கொண்டு உறுதி செய்தீர்கள். இங்கே வந்து பார்த்தால் ஆகஸ்ட் 1 முதல் புதிய கட்டணம் என்று பலகையில் ஒட்டியிருக்கிறது. அந்தத் தேதியில் நாங்கள் கொக்கோஸ் தீவுகளுக்கும் ரோட்ரிக்ஸுக்கும் நடுவே கடலில் இருந்தோம். ஏறக்குறைய 2,000 கடல் மைல் தூரம், தென்கிழக்குக் காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும். விலை கட்டுப்படியாகவில்லை என்று அந்தக் காற்றை எதிர்த்துத் திரும்பிப் போகிற படகா எங்களுடையது? நவம்பரில் புயல் பருவம் வந்துவிடும், அதற்குள் பக்கத்திலுள்ள ரியூனியன் தீவைத் தொட்டுத் தென்னாப்பிரிக்கா பக்கம் கிளம்பியாக வேண்டும். செங்கடலில் 2023 கடைசியில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கிய பிறகு அந்த வழியை நம்பவும் முடியவில்லை. எங்களுக்கு வேறு போக்கில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இலை போட்டு உட்கார வைத்துவிட்டுச் சாப்பாட்டு விலையை ஏற்றுவது எந்த ஊர் நியாயம் ஐயா?

அப்புறம் அந்த நீளக் கதை. பதிவுச் சான்றிதழில் எங்கள் படகு 11.3 மீட்டர். உங்கள் ஆள் டேப்போடு வந்தார். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நங்கூரத்தின் நுனியில் ஒரு முனையை என் மனைவியையே பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மறுமுனையைப் பின்பக்கம் தொங்கும் ரப்பர் டிங்கியையும் (கரைக்குப் போய்வரும் சிறு படகு) தாண்டி, அதன் மோட்டார் விசிறி வரைக்கும் இழுத்தார். 12.7 வந்தது. கூட நின்று எழுதிய தம்பி, "பன்னிரண்டைத் தாண்டிவிட்டது அக்கா" என்று சங்கடத்தோடு சொன்னார். டிங்கியைத் தண்ணீரில் இறக்கிவிடுகிறோம், மறுபடி அளந்து பாருங்கள் என்றோம். எழுதியாகிவிட்டதாம்! முழு நீளத்துக்குக் காசு வாங்குவது எங்கள் ஊர் மரீனாக்களிலும் வழக்கம்தான். ஆனால் கழற்றி இறக்கக்கூடிய டிங்கியைச் சேர்த்து ஒரு படி மேலே தள்ளுவதை இங்கேதான் பார்க்கிறேன். சான்றிதழ் நகலை மே மாதமே கேட்டு வாங்கியது எதற்காக?

படகு மூழ்கினால் அதை அப்புறப்படுத்தும் செலவுக்குக் காப்பீடு கேட்டதில் எனக்குக் குறை இல்லை. 2020 ஜூலையில் வாகாஷியோ கப்பல் பவளப்பாறையில் ஏறி, எண்ணெய் கொட்டிய கரை இது. கேட்கத்தான் வேண்டும். சாகோஸ் தீவுகளில் நங்கூரம் போடுவதற்கும் இதே காப்பீடு வேண்டும், ஆனால் அங்கே அனுமதி தருவதற்கு முன்பே கேட்டுவிடுகிறார்கள். நீங்களோ நாங்கள் படகைக் கட்டிய பிறகு கேட்டுவிட்டு, காப்பீட்டுக் கடிதம் வரும்வரை தினமும் 'ஆவணத் தாமதக் கட்டணம்' போட்டிருக்கிறீர்கள்.

பில்லில் 'அரசுக் கட்டணங்கள்' என்று இன்னொரு வரி. போர்ட் லூயிஸ் துறைமுகத்தில், நாட்டுக்குள் நுழையச் சோதனைக்குக் காத்திருப்பதைக் காட்டும் மஞ்சள் கொடியோடு நின்றபோது சுகாதாரம், குடிநுழைவு, சுங்கம், கடலோரக் காவல் என்று எல்லாரும் வந்து பார்த்தார்கள். ஒருவரும் எங்களிடம் காசு கேட்கவில்லை. இந்தப் பணம் எந்த அலுவலகத்துக்குப் போகிறது? ரசீது கேட்டால் ஏஜென்ட் தருவார் என்கிறீர்கள். அந்த ஏஜென்ட் உங்கள் ஆள், வெளியாளை வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் புதிய விதி. அரசுக்குக் கட்டுகிற பணம் என்றால் அதன்மேலும் 15 சதவீதம் வாட் போட்டிருப்பது எப்படி என்றும் சொல்லுங்கள்.

மே மாதம் ஒப்புக்கொண்ட கணக்குப்படி, 11.3 மீட்டருக்குப் பில்லைத் திருத்தி மீதியைத் திருப்பித் தாருங்கள். தாமதக் கட்டணத்தை நீக்குங்கள். அரசுக் கட்டணத்துக்கு அரசாங்க ரசீது வேண்டும், இல்லையென்றால் அந்த வரியும் போக வேண்டும். அடுத்த பருவத்தின் விலையை ஏப்ரலுக்குள் வெளியிட்டுவிட்டால், கட்டுப்படியாகிறவர் வருவார், மற்றவர் நேரே ரியூனியனுக்குப் போய்விடுவார். சரி, அது உங்கள் வியாபாரம்.

அக்டோபர் நடுவில் காற்றைப் பார்த்துக் கிளம்புகிறோம். அதற்குள் பதில் இல்லையென்றால் பில், உங்கள் மின்னஞ்சல், டேப் பிடித்தபோது எடுத்த படம் எல்லாவற்றையும் நுகர்வோர் பாதுகாப்பு அமைச்சில் கொடுத்துவிட்டுத்தான் கயிற்றை அவிழ்ப்போம்.

இப்படிக்கு,
படகு உரிமையாளர்