பார்த்து நட

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. மகளை அழைத்துக்கொண்டு பரிசோதனை பரிசோதனையாக அலைந்ததில் பதில் எழுத முடியவில்லை. "இன்னும் அடிக்கடி விழுகிறாளா?" என்று கேட்டிருந்தாய். விழுகிறாள். ஏனென்று இப்போது தெரியும்: ஃப்ரீட்ரைக் அட்டாக்ஸியா, நடையைத் தள்ளாட வைக்கும் ஒரு பரம்பரை நரம்பு நோய்.

நரம்பு டாக்டர் அவளைக் கால் சேர்த்து நிற்கச் சொன்னார். லேசான ஆட்டத்தோடு நின்றாள். கண்ணை மூடச் சொன்னார். அப்படியே சாய்ந்துவிட்டாள். அவர் இரு கையையும் நீட்டித் தயாராக நின்றதைக் கண்டபோதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. கால் எங்கே இருக்கிறது என்று தண்டுவடத்துக்குச் சொல்லும் நரம்புகள் நலிந்துவிட்டனவாம். சிறுமூளைக்கும் பாதிப்பு. இருட்டில்கூட நம் கால் தானாக வழி கண்டுகொள்ளும். அவளுக்குக் கண்தான் அந்த வேலையையும் செய்கிறது. முகத்துக்குச் சோப்புப் போடும்போது சுவரில் தோளைச் சாய்த்துக்கொள்வாள், சோம்பல் என்று நினைத்தேன். மூன்று வருடமாக நான் ஓயாமல் சொன்னது என்ன தெரியுமா? "பார்த்து நட." பார்த்துப் பார்த்துத்தானடா நடந்திருக்கிறாள்!

1863-லேயே ஜெர்மனியில் நிகோலாஸ் ஃப்ரீட்ரைக் விவரித்த நோய். மரபணு பிடிபட்டது 1996-ல். எனக்கும் மனைவிக்கும் ஆளுக்கொரு பழுதான பிரதி, அதனால் எங்களுக்கு ஒன்றுமில்லை. மகளுக்கு இரண்டும் போய்விட்டன. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தேவையான ஃபிரடாக்சின் புரதம் போதாமல் போகிறது. அதனால் இதயத்துக்கும் தவறாமல் எக்கோ, சர்க்கரைப் பரிசோதனை, முதுகெலும்பு வளைகிறதா என்ற கவனிப்பு. 2023-ல் அமெரிக்காவில் ஒமாவெலாக்சலோன் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தது. குணமாக்காது, நோயின் வேகத்தைக் குறைக்கும். 16 வயதிலிருந்துதான். இவளுக்கு 15.

சின்னவனுக்கும் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அறிகுறி இல்லாத பிள்ளைக்கு இப்போது பரிசோதனை வேண்டாம் என்கிறார்கள். மனைவிக்கும் அதே எண்ணம். எனக்குத்தான் அவன் படி இறங்கும்போதெல்லாம் கண் அவன் காலிலேயே நிற்கிறது.

அடுத்த மாதம் வருகிறாய் அல்லவா? மகள் பேச்சு கொஞ்சம் குழறும், மெதுவாக வரும். புத்தியில் ஒரு குறையும் இல்லை, உன்னைச் சதுரங்கத்தில் தோற்கடிப்பாள். காய் சரிந்தால் சரியட்டும், அவளே எடுத்து வைப்பாள். வார்த்தைக்குத் தடுமாறும்போது நீ எடுத்துக்கொடுத்துவிடாதே. அப்படிச் செய்து போன வாரம்தான் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்