தடம் நின்ற இடத்திலிருந்து ஒரு திறந்த மடல்

இணையக் குற்றப் புகார்களைப் பெற்று விசாரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

உங்களிடம் புகார் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களில் நானும் ஒருத்தி. என் புகாருக்கு ஒரு எண் கொடுத்தீர்கள். ஏழு மாதமாகிறது, அந்த எண்ணைத் தவிர வேறெதுவும் வரவில்லை. கோபத்தில் இதை எழுதவில்லை. கோபமெல்லாம் முதல் இரண்டு மாதத்திலேயே தீர்ந்துபோனது. அதற்குப் பிறகு, என்னை ஏமாற்றியவர்களை நானே தேடிக் கிளம்பினேன். எவ்வளவு தூரம் போக முடிந்தது, எந்த இடத்தில் நின்றுபோனேன் என்பதை உங்களிடம் சொல்ல வேண்டும்.

நடந்தது நீங்கள் தினமும் கேட்கும் கதைதான், அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். தவறான எண்ணுக்கு வந்ததுபோல ஒரு செய்தி. மன்னிப்பு, நல விசாரிப்பு, ஆறு வாரப் பேச்சு. அப்புறம் ஒரு முதலீட்டு ஆப். முதலில் சின்னத் தொகை போட்டேன், லாபத்தோடு திரும்ப எடுக்கவும் முடிந்தது. அதனால் நம்பினேன். சேமிப்பு முழுவதும் உள்ளே போனபின் எடுக்கப் பார்த்தால், முதலில் வரி கட்டச் சொன்னார்கள். அப்போதுதான் உறைத்தது. பணத்தில் ஒரு பகுதி வங்கி வழியாக யார் யாரோ பெயரிலிருந்த மூன்று கணக்குகளுக்குப் போயிருந்தது. பெரும்பகுதி கிரிப்டோவாகப் போயிருந்தது.

தேடலை அந்த இணையதளத்திலிருந்து ஆரம்பித்தேன். ஒரு டொமைன், அதாவது இணையதளத்தின் பெயர், என்றைக்குப் பதிவானது என்பதை ஹூஇஸ் தேடலில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பத்தாண்டு அனுபவம் என்று முகப்பில் போட்டிருந்த அந்தத் தளம், எனக்கு முதல் செய்தி வருவதற்கு 23 நாள் முன்புதான் பதிவாகியிருந்தது. பணம் போடும் முன் இதைப் பார்த்திருந்தால் என்று எத்தனை இரவு புரண்டிருப்பேன். பதிவு செய்தவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், மறைக்கப்பட்டது என்று மட்டும் இருந்தது. 2018-இல் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து பெரும்பாலான டொமைன்களில் இப்படித்தான். அந்தச் சட்டத்தை நான் குறை சொல்லவில்லை, அது என்னைப் போன்றவர்களையும் காப்பாற்றுகிறது. ஆனால் டொமைனை விற்ற நிறுவனத்திடம் பணம் கட்டிய விதம், உள்ளே வந்த ஐ.பி. முகவரி (இணைய இணைப்பின் எண்), நேரம் எல்லாம் பதிவாகியிருக்கும். நான் கேட்டால் தர மாட்டார்கள். தரவும் கூடாது. நீங்கள் சட்டப்படி கேட்கலாம்.

அடுத்து, என்னோடு பேசியவர் தன்னுடையது என்று காட்டிய புகைப்படம். படத்தைக் கொடுத்துத் தேடும் வசதியில் போட்டதும், அதே முகம் முற்றிலும் வேறொரு பெயரில், வேறொரு நாட்டில், குடும்பத்தோடு நின்றது. அந்த நிமிடம் எனக்கு ரத்தம் கொதித்தது. அவருக்கு எழுத ஆரம்பித்து, பாதியில்தான் நின்றேன். அவருடைய படத்தையும் திருடியிருக்கிறார்கள், அவரும் பாதிக்கப்பட்டவர். வங்கிக் கணக்குகளின் பெயர்களைப் பொதுவெளியில் போடவும் கை துடித்தது. கணக்கை வாடகைக்கு விட்டவர்கள், வேலை என்று நம்பிக் கணக்கு எண்ணைக் கொடுத்தவர்கள், அடையாளச் சான்று திருடப்பட்டவர்கள் என்று அந்தப் பெயர்களுக்குப் பின்னால் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். பாதிக்கப்பட்டவரையே துப்பறிய விட்டால் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. என் கோபம் தவறான வீட்டுக் கதவைத் தட்டியிருக்கும்.

மூன்றாவது தடம்தான் என்னை மலைக்க வைத்தது. கிரிப்டோவாகப் போனால் கண்டுபிடிக்கவே முடியாது என்று புகார் கொடுத்த இடத்திலேயே ஒருவர் சொன்னார். அப்படியில்லை. பிட்காயின், எதீரியம், டிரான் போன்றவற்றின் கணக்கேடு உலகத்துக்கே திறந்து கிடக்கிறது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஓர் அடையாளக் குறியீடு உண்டு. அதைத் தேடல் தளத்தில் ஒட்டினால் எந்த வாலட்டிலிருந்து (கிரிப்டோ வைத்திருக்கும் கணக்கு) எந்த வாலட்டுக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு போனது என்று வரும். நான் அனுப்பிய தொகை 11 நிமிடம் ஒரு வாலட்டில் இருந்தது. பிறகு இன்னொன்றுக்குப் போனது. அங்கே வேறு பல வாலட்டுகளிலிருந்து வந்த தொகைகளோடு சேர்ந்தது. என் பணத்தோடு வந்து விழுந்த அந்த ஒவ்வொரு வரியையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என்னைப் போலவே யாரோ ஒருவர் அன்று அனுப்பியிருக்கிறார் என்று தோன்றியது. சில தொகைகள் மிகச் சிறியவை.

கடைசியில் மொத்தமும் ஒரு பெரிய கிரிப்டோ பரிமாற்ற நிறுவனத்தின் வைப்பு முகவரிக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குமேல் திறந்த கணக்கேட்டில் தடம் இல்லை. அந்த வைப்பு முகவரி எந்த வாடிக்கையாளருக்கு ஒதுக்கப்பட்டது என்பது அந்த நிறுவனத்துக்குத் தெரியும். அடையாளச் சான்றும் செல்ஃபியும் வாங்கித்தான் கணக்கே திறப்பார்கள். அங்கேயும் போலிச் சான்று இருக்கலாம். இருந்தாலும் ஒரு கைபேசி எண், ஒரு சாதனத்தின் விவரம், பணத்தை வெளியே எடுத்த வழி என்று அடுத்த நூல் கிடைக்கும். அவர்களுக்கு எழுதினேன். சட்ட அமலாக்க அமைப்பிடமிருந்து வரும் கோரிக்கைக்கு மட்டுமே பதில் தருவோம் என்றார்கள். சரியான பதில்தான். அந்தக் கோரிக்கையைத்தான் உங்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்த வழியில் பணம் திரும்பியதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 2021-இல் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனம் ஹேக்கர்களுக்குப் பிணைத்தொகையாக 75 பிட்காயின் கட்டியது. எஃப்.பி.ஐ. இதே திறந்த கணக்கேட்டைப் பின்தொடர்ந்து, ஒரு மாதத்துக்குள் அதில் 63.7 பிட்காயினைக் கைப்பற்றியது. 2025 அக்டோபரில் அமெரிக்க நீதித் துறை, கம்போடியாவில் மோசடி முகாம்கள் நடத்தியதாகச் சொல்லப்படும் ஒரு கூட்டத்தின் மீதான வழக்கில் 1,27,271 பிட்காயினைப் பறிமுதல் செய்யக் கோரியது. அப்போதைய மதிப்பில் சுமார் 1,500 கோடி டாலர். திறந்த கணக்கேட்டில் நான் பார்த்ததைப் போன்ற சின்னச் சின்ன வரிகள்தான் சேர்ந்து இவ்வளவு பெரிய குவியலாகின்றன.

அந்த முகாம்களைப் பற்றியும் எழுதியாக வேண்டும். என்னோடு ஆறு வாரம் பேசிய கையை எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன். தேடிப் படிக்கப் படிக்க அந்த எண்ணம் மாறிவிட்டது. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்படும் நிலையில் இருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் சொன்னது. நல்ல வேலை என்று நம்பிப் போனவர்கள், கடவுச்சீட்டைப் பறிகொடுத்தவர்கள், அடிபட்டவர்கள். எனக்குக் காலை வணக்கம் அனுப்பியவர் அவர்களில் ஒருவராக இருந்திருக்கலாம். அதனால் சொல்கிறேன், அரட்டையில் பேசியவரைக் கண்டுபிடிப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பணம் போன வழியைப் பிடியுங்கள். அந்த வழியின் முடிவில்தான் முதலாளி இருக்கிறான்.

ஐ.பி. முகவரியை வைத்து வீட்டையே கண்டுபிடித்துத் தருகிறோம் என்று சொல்பவர்களையும் இடையில் சந்தித்தேன். பெரும்பாலும், உண்மையான ஐ.பி. முகவரியை மறைக்கும் வி.பி.என்.-க்குப் பின்னால்தான் மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள். வி.பி.என். இல்லாவிட்டாலும், கைபேசி இணையத்தில் ஒரே ஐ.பி. முகவரியை ஒரே சமயத்தில் ஏராளமானவர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். சரியான நேரமும், தனித்தனி இணைப்பைப் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணும் இருந்தால்தான் சேவை நிறுவனத்தால் ஆளைப் பிரித்துச் சொல்ல முடியும். அந்தப் பதிவுகளையும் அவர்கள் காலத்துக்கும் வைத்திருப்பதில்லை. என் புகார் தூங்கிய ஏழு மாதத்தில் எத்தனை பதிவுகள் அழிந்தனவோ.

இப்படித் தேடிக்கொண்டிருந்தபோதுதான் இரண்டாவது கூட்டம் வந்தது. நாங்கள் நெறிமுறை ஹேக்கர்கள், உங்கள் பணம் எங்கே இருக்கிறது என்று தெரியும், முன்பணம் கட்டினால் மீட்டுத் தருகிறோம் என்றார்கள். நான் இழந்த தொகையைச் சரியாகச் சொன்னார்கள். ஏமாந்தவர்களின் பட்டியல் இந்தக் கூட்டங்களுக்குள் விற்பனையாகிறது. எனக்கு அதற்குள் கொஞ்சம் விவரம் தெரிந்திருந்ததால் தப்பினேன். என்னைப் போலவே ஏமாந்து எனக்குப் பழக்கமான ஓர் அம்மா தப்பவில்லை. அவர் கடன் வாங்கிக் கட்டினார். நீங்கள் மூன்று வரி பதில் எழுதியிருந்தால், எந்த வங்கிக்கு எழுதியிருக்கிறோம், எதற்காகக் காத்திருக்கிறோம் என்று மட்டும் சொல்லியிருந்தால், அவர் அவர்களிடம் போயிருக்க மாட்டார். உங்களிடமிருந்து எதுவும் வராத இடத்தில் அவர்கள் வந்து பேசினார்கள்.

இனி அந்த முதல் இரவு. எனக்கு உறைத்தபோது மணி 9.40. கடைசித் தொகை வங்கியிலிருந்து போய் 50 நிமிடம்கூட ஆகவில்லை. வங்கியை அழைத்தேன். புகார் எண் இருந்தால்தான் பணம் போன வங்கிக்குச் சொல்ல முடியும் என்றார்கள். உங்கள் பிரிவை அழைத்தேன். காலையில் நேரில் வந்து எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். காலையில் போய் எழுதிக் கொடுத்தேன், மாலையில் பதிவானது. மூன்று கணக்கும் அன்று விடிவதற்குள்ளேயே காலியாகிவிட்டன என்று பிறகு வங்கி சொன்னது.

2024 ஜூலையில் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று, வழக்கமாகச் சரக்கு அனுப்புபவர் எழுதியதுபோல வந்த மின்னஞ்சலை நம்பி, கிழக்குத் திமோரில் இருந்த கணக்குக்கு 4.23 கோடி டாலர் அனுப்பிவிட்டது. மின்னஞ்சல் முகவரியில் எழுத்து லேசாக மாறியிருந்தது. நான்கு நாள் கழித்துத்தான் ஏமாந்தது தெரிந்தது. சிங்கப்பூர் போலீஸார் இன்டர்போலின் ஐ-கிரிப் என்ற அவசரத் தடுப்பு வழியில் உதவி கேட்க, இரண்டே நாளில் 3.9 கோடி டாலர் முடக்கப்பட்டது. பிறகு ஏழு பேர் கைதாகி, இன்னும் 20 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. நான்கு நாள் தாமதித்துச் சொன்னவர்களுக்கு இது நடந்திருக்கிறது. 50 நிமிடத்தில் ஓடி வந்த எனக்கு ஒரு மேசை திறந்திருக்கவில்லை.

தொகை பெரிது, அதனால் செய்தார்கள் என்று சொல்லலாம். சின்னத் தொகைக்கும் வழி செய்தவர்கள் இருக்கிறார்கள். பிரேசிலின் பிக்ஸ் பணப்பரிமாற்ற முறையில், மோசடி என்று வங்கி வழியாகச் சொன்னால், பெற்றவர் கணக்கிலிருக்கும் பணத்தைத் தடுத்து வைக்கும் ஏற்பாடு 2021 நவம்பரிலிருந்து இருக்கிறது. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், இப்படி ஏமாந்து பணம் அனுப்பியவருக்கு 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும், அதை அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப் பாதி ஏற்க வேண்டும் என்று விதி வந்தது. இந்த விதியின் பலம் அந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது. மோசடிக் கணக்கைத் திறந்து வைத்திருக்கும் வங்கிக்கும் நஷ்டம் என்றால், அது அந்தக் கணக்கை உற்றுப் பார்க்கும்.

எல்லை தாண்டிய குற்றம், எங்கள் கை எட்டாது என்ற பதிலும் எனக்குக் கிடைத்தது. 2001-இல் புடாபெஸ்டில் கையெழுத்தான இணையக் குற்ற உடன்படிக்கையே, சேர்ந்த ஒவ்வொரு நாட்டிலும் 24 மணி நேரமும் வாரத்தில் 7 நாளும் இயங்கும் தொடர்பு மையம் வேண்டும் என்கிறது. விசாரணை ஆவணங்கள் வந்து சேரும்வரை தரவை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லிக் கேட்கவும் அதில் வழி இருக்கிறது. ஐ.நா. பொதுச்சபையும் 2024 டிசம்பரில் தனியாக ஓர் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. ஆனால் என் புகாரை வாங்கிய மேசையில் இருந்தவர், தரவை அழிக்காமல் வைக்கச் சொல்லும் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை என்று சொன்னார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஒரே ஆள், மேசை நிறையக் கோப்பு, கணினியில் பாதி நேரம் இணைப்பு இல்லை. அவருக்குப் பயிற்சியும் ஆளும் கொடுக்க வேண்டியவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் புகார்ப் படிவத்தில் மூன்று படங்கள்தான் இணைக்க முடிந்தது. வாலட் முகவரியை எழுத இடமே இல்லை. அச்செடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் நீளமான ஒரு முகவரியில் ஓர் எழுத்து தெளிவாக இல்லையென்றால் அது எதற்கும் உதவாது. அந்த முகவரியை எழுத்தாகவே தட்டச்சு செய்யும் ஒரு கட்டம் வையுங்கள். கணக்கு எண், வாலட், டொமைன், கைபேசி எண் ஆகியவற்றை ஒரே கிடங்கில் சேர்த்தால், எங்கெங்கோ தனித்தனியாக எழுதப்பட்ட புகார்கள் ஒரே வாலட்டில் வந்து முட்டுவதை நீங்களே பார்ப்பீர்கள். தனியாகப் பார்த்தால் என்னுடையது சின்னப் புகார். என் பணத்தோடு வந்து சேர்ந்த அத்தனை வரிகளையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று. படித்தவர்தானே, எப்படி ஏமாந்தீர்கள் என்று என்னிடம் கேட்டார்கள். பக்கத்தில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது. பாதிக்கப்பட்டவரைக் கொழுக்கவைத்து அறுக்கப்படும் பன்றி என்று குறிக்கும் சொல்லைக் கைவிடுங்கள், அது அவர்களை வெட்கப்பட வைத்துப் புகார் கொடுக்க விடாமல் தடுக்கிறது என்று இன்டர்போல் 2024 டிசம்பரில் கேட்டுக்கொண்டது. ஒரு சொல்லுக்கே இவ்வளவு கவலைப்பட வேண்டியிருக்கிறது. மேசைக்கு முன்னால் கேட்கப்படும் அந்தக் கேள்வியால் எத்தனை பேர் திரும்பிப் போயிருப்பார்கள்? அவர்கள் கொண்டுவந்த வாலட் முகவரிகளும் அவர்களோடு திரும்பிப் போயிருக்கும்.

என் கோப்பு 46 பக்கம். எல்லாப் பரிவர்த்தனைக் குறியீடுகளும், டொமைன் பதிவு விவரமும், மின்னஞ்சல்கள் எந்த வழியாக வந்தன என்று காட்டும் முழுத் தலைப்புப் பகுதியும், அரட்டையை அப்படியே பதிவிறக்கிய கோப்பும் நேர வரிசையில் இருக்கின்றன. கடைசிப் பக்கத்தில் அந்தப் பரிமாற்ற நிறுவனத்தின் வைப்பு முகவரி இருக்கிறது, சட்ட அமலாக்கக் கோரிக்கைகளை அவர்கள் பெறும் முகவரியும் கீழே எழுதியிருக்கிறேன். இதை யாரிடம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். எந்த நேரமானாலும் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பதிவேட்டில் வெறும் எண்ணாக இருக்கும் ஒருத்தி