நிலவோடு முடியாத ஆம்ஸ்ட்ராங்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஜூலை பிறந்தால் நீல் ஆம்ஸ்ட்ராங்கின் நிலவுக் காலடியை நினைவூட்டும் நம் நாளிதழ்கள், அவர் அமெரிக்கக் கடற்படை விமானியாகக் கொரியப் போரில் 78 முறை பறந்தவர் என்பதையும், 1951 செப்டம்பரில் குறுக்கே கட்டியிருந்த கம்பியில் மோதி, இறக்கையில் ஏறத்தாழ ஆறடி அறுந்துபோன விமானத்தை நேச நாட்டுப் படைகளின் பகுதி வரை ஓட்டிவந்து பாராசூட்டில் குதித்தவர் என்பதையும் ஏனோ பெரும்பாலும் எழுதுவதில்லை. பர்டூ பல்கலைக்கழகத்தில் வானூர்திப் பொறியியல் படித்த அவர், தம்மைப் பொறியாளர் என்றே சொல்லிக்கொண்டார். புகழை விலைபேசாமல் 1971 முதல் 1979 வரை சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். மூளைக் கட்டியால் அவதிப்பட்ட இரண்டு வயது மகள் கேரன் 1962 ஜனவரியில் இறந்தாள். அவர் விண்வெளி வீரராகத் தேர்வானதும் அதே ஆண்டில்தான். இவற்றுக்கும் வரும் ஜூலையில் சில வரிகள் ஒதுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி