க்யூ வந்து யூ வராத கை

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற முடிகிறது என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். இவர் ரிட்டயர் ஆனதிலிருந்து காலையில் தோட்டம், மாலையில் என்னோடு, எழுத்துக் காய்களைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொல் கட்டும் ஸ்கிராபிள் ஒரு ஆட்டம் என்று பொழுது நன்றாகப் போகிறது.

பேரனைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஸ்கிராபிள் போட்டிக்காக ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்களைப் பொருள்கூடத் தெரியாமல் உருப்போடுகிறான், இதெல்லாம் ஒரு படிப்பா, தடுத்துவிடலாமா என்று. தடுக்காதேடி. காலமெல்லாம் ஆங்கிலப் பாடம் நடத்தியவள் சொல்கிறேன், அவன் போகிற வழி சரியான வழி.

அவன் பட்டியலில் க்யூ எழுத்து இருக்கும், யூ இருக்காது என்கிற பக்கத்தைப் பார்த்தாயா? அந்த ஆட்டத்தில் மொத்தம் 100 காய்கள். ஈ மட்டும் 12, க்யூ ஒன்றே ஒன்று, யூ நான்கு. க்யூவுக்கு 10 பாயிண்ட். ஆனால் கடைசி வரை கையிலேயே தங்கிவிட்டால் உன் கணக்கில் 10 குறையும், முதலில் காய்களை முடித்தவருக்கு அதே 10 சேரும். ஆகக் கைக்கு வந்த நிமிஷத்திலிருந்து அதை எங்கே இறக்குவது என்றுதான் மனசு ஓடும். ஆங்கிலத்தில் க்யூவுக்குப் பின்னால் வழக்கமாக யூதான் வரும்; அந்த யூ வரட்டும் என்று காத்திருந்தால் ஆட்டம் போய்விடும். அப்போது கைகொடுக்கிறவை ஃபக்கீர் (faqir), தலாக் (talaq), தொழுகைத் திசையைச் சொல்லும் கிப்லா (qibla), கனாத் (qanat) போன்ற சொற்கள்தாம். எல்லாமே ஐந்தெழுத்து, எதிலும் யூ கிடையாது. முதல் மூன்றும் நம் தெருவிலேயே காதில் விழுகிற சொற்கள்; அரபியிலிருந்து ஆங்கில அகராதிக்கும் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

கனாத் என்றால் என்ன என்று ஒரு நாள் அவனையே தேடிப் பார்க்கச் சொல். ஈரானில் மலையடிவாரத்து நிலத்தடி நீரை, மோட்டாரோ ஏற்றமோ இல்லாமல், லேசான சரிவில் தோண்டிய சுரங்கம் வழியாகவே ஊருக்கும் வயலுக்கும் கொண்டுவருகிறார்கள். மேலே வரிசையாகக் கிணறு மாதிரிக் குழிகள். காற்றுக்கும், மண்ணை வெளியே எடுப்பதற்கும். 2016-இல் யுனெஸ்கோ இவற்றில் சிலவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வெறும் ஐந்து எழுத்தாக மண்டைக்குள் போன சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. பொருள் பிறகு வந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. நம் முன்னோர் சூடாமணி நிகண்டை, செய்யுளில் அமைந்த அந்தப் பழைய தமிழ் அகராதியை, படித்த விதத்தை நினைத்துப் பார். பதினோராம் தொகுதியில் சொற்களை எதுகை பார்த்துத்தான், அதாவது இரண்டாம் எழுத்தை வைத்துத்தான் அடுக்கியிருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் அதைத்தானே முதலில் வாயில் போட்டுக்கொண்டார்கள்? எழுத்தின் வரிசையில் சொல்லைப் பிடித்து வைப்பது நமக்குப் புதிதில்லை.

ஏழெழுத்துச் சொல் பக்கமும் அவன் போகட்டும். கையில் உள்ள ஏழு காய்களையும் ஒரே தடவையில் வைத்தால் 50 பாயிண்ட் கூடுதல். ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், டி. இந்த ஏழும் சேர்ந்து வந்தால் அதிர்ஷ்டம்தான். இவற்றை மாற்றி மாற்றி அடுக்கினால் ரெட்டினாஸ் என்று விழித்திரைகள் வரும். ரெட்சினா என்று பைன் பிசின் வாசமுள்ள கிரேக்க ஒயின் வரும். ஸ்டியரின் என்று மெழுகுவர்த்திக்கான கொழுப்பு வரும். நாஸ்டியர், ஸ்டெய்னர், ரீடெய்ன்ஸ் எல்லாம் வரும். எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கும்.

ஆனால் அவன் ஐந்தெழுத்தை விட்டுவிடக் கூடாது. 2015-ஆம் வருஷத்தை அவனுக்குச் சொல். அந்த ஜூலையில் நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு பேசத் தெரியாமலே, அந்த அகராதியை ஒன்பது வாரத்தில் மனப்பாடம் செய்து பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். பொருள் தெரியாமல் படிப்பதா என்று நீ கேட்டாயே, அந்தக் கேள்விக்கு அவரே பதில். அதே வருஷம் நவம்பரில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஆங்கில உலகப் பட்டம் நைஜீரியாவின் வெலிங்டன் ஜிகேரேவுக்குப் போனது. ஆப்பிரிக்காவிலிருந்து முதல் ஆள். இறுதிச் சுற்றில் இங்கிலாந்தின் லூயிஸ் மக்கேயை 4-0 என்று வென்றார். ஃபெல்ட்டி என்ற ஐந்தெழுத்துச் சொல்லை வைத்து ஒரே தடவையில் 36 பாயிண்ட் எடுத்தார்.

நைஜீரிய ஆட்டக்காரர்கள் குட்டைச் சொற்களில் கவனம் வைத்தே தயாராகிறவர்கள். யோசித்தால் நியாயம் புரியும். ஏழு காய்களையும் கொட்டிவிட்டால் அடுத்து பையிலிருந்து என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. நீளச் சொல் பலகையில் எதிராளிக்கும் நாலு பக்கம் வாசல் திறந்துவிடும். ஐந்து எழுத்தை வைத்தால் நல்ல காய் இரண்டைக் கையிலேயே நிறுத்திக்கொள்ளலாம், பலகையும் இறுக்கமாக இருக்கும். 50 பாயிண்ட் ஆசையை அடக்கிக்கொண்டு இப்படி ஆடுவதற்குப் பொறுமை வேண்டும். உன் பேரனுக்கு அது இருக்கிறது என்று தோன்றுகிறது.

அவன் நோட்டில் எழுதி எழுதிப் படிக்கிறான் என்றாய். அதற்குப் பதில் சின்ன அட்டைகள் வெட்டிக் கொடு. ஒரு பக்கம் எழுத்துகளை அகர வரிசையில் எழுதட்டும், மறுபக்கம் அவற்றால் வரும் எல்லாச் சொற்களையும். ஏ, ஏ, என், க்யூ, டி என்று பார்த்ததும் கனாத் வாயில் வர வேண்டும். தப்பிய அட்டையை மறுநாளே திரும்பப் பார்க்கட்டும், தப்பாததை வாரம் தள்ளிப் பார்த்தால் போதும். இரண்டெழுத்துச் சொற்களை முதலில் முடிக்கச் சொல். இரண்டெழுத்து வசமாகாமல் ஐந்தெழுத்தைப் பலகையில் ஒட்டி வைக்க இடம் கிடைக்காது.

மே மாதம் அவனை இங்கே அனுப்பு. நீயும் வா, முழங்காலுக்கு இங்கே ஏறப் படி எதுவும் இல்லை. உன் தங்கை மகள் கல்யாணத் தேதி முடிவானதும் எழுது.

அன்புடன்,
செல்லம்மாள்