நார்த்தாம்ப்டன் சந்தை

நார்த்தாம்ப்டன், இங்கிலாந்து,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "பரவாயில்லை" என்று மழுப்பிவிடுகிறார். நீங்களாவது உள்ளதை எழுதுங்கள்.

இங்கே சந்தை உண்டா, எல்லாம் பெரிய கடைகள்தானா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு அப்பா. ஊர் நடுவில், திறந்த வெளியில். முன்பு ஊர் சர்ச்சுக்குள்ளும் அதன் வளாகத்திலுமே வியாபாரம் நடந்ததாம். 1235-இல் மூன்றாம் ஹென்றி ராஜா, அங்கே கூடாது, வடக்கே இருக்கும் காலி நிலத்துக்குப் போங்கள் என்று உத்தரவு போட்டிருக்கிறார். அந்தக் காலி நிலம்தான் இன்றைக்கும் சந்தைத் திடல்.

1675 செப்டம்பரில் ஊரே தீப்பிடித்து எரிந்தது. ஓலைக் கூரை வீடுகள், போதாததற்குக் காற்று வேறு. சில மணி நேரத்தில் ஊரின் பெரும்பகுதி சாம்பல். திடலில் மாட்டிக்கொண்டவர்கள் மூலையில் இருந்த வெல்ஷ் ஹவுஸ் என்ற வீட்டுக்குள் புகுந்து பின்பக்கமாகத் தப்பித்தார்கள். திரும்பக் கட்ட இரண்டாம் சார்லஸ் ராஜா 1000 டன் மரம் கொடுத்தார். அதற்காக இன்றும் மே 29 அன்று, சர்ச் முகப்பில் இருக்கும் அவர் சிலைக்கு ஓக் இலை மாலை போடுகிறார்கள்.

சரி, கடை போடுகிற உங்களுக்கு வியாபாரத்தைச் சொல்ல வேண்டும். தராசை விடக் கிண்ணத்துக்குத்தான் வேலை. தக்காளி, குடமிளகாய், சில நாள் வெண்டைக்காய்கூட கிண்ணம் கிண்ணமாகக் குவித்திருக்கும். கிண்ணத்துக்கு இவ்வளவு பவுண்டு என்று அட்டையில் எழுதியிருக்கும். காசு கொடுத்ததும் கடைக்காரர் அப்படியே பையில் கவிழ்த்துவிடுவார். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்குகிற பேச்சே இல்லை. சாயங்காலம் கடை கட்டும் நேரத்தில் விலை இறங்கும், அது மட்டும் நம் ஊர் மாதிரியேதான். நம் ஊர்ச் சந்தை மாதிரி சுங்கத்தை ஏலம் எடுத்தவர் வந்து வசூலிப்பதும் கிடையாது. நம் நகராட்சி மாதிரியான கவுன்சிலே வாடகை வாங்கிக்கொள்கிறது.

இடையில் கொஞ்ச காலம் திடலைத் தோண்டிப் புதுத் தளம் போட்டார்கள். அதுவரை கடைக்காரர்களை ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இடம் மாறினால் வாடிக்கை போய்விடும் என்று நீங்கள் எப்போதும் சொல்வீர்களே, இங்கேயும் அந்தப் பயம்தான். 2024 அக்டோபரில் திடலைத் திறந்தார்கள். தரை பளிச்சென்று இருக்கிறது, ஆனால் கூட்டம் இன்னும் சேர வேண்டும். வீட்டுக்குப் பக்கத்திலேயே சூப்பர் மார்க்கெட் இருந்தாலும் காய்க்கு மட்டும் நான் இங்கேதான் வருவேன். மழையிலும் பனியிலும் நாள் முழுக்க நின்று விற்கிறவர்களைப் பார்த்தபின் வேறு கடைக்குப் போக மனசு வரவில்லை.

தம்பியிடம் பணம் அனுப்பியிருக்கிறேன். அம்மாவை இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். வெயிலில் கடை போடும்போது தொப்பி வைத்துக்கொள்ளுங்கள் அப்பா.

உங்கள் அன்பு மகள்